நாற்காலியைத் தைக்கும் கைகளும் அமரும் உரிமையும்: மரபுவழிக் குஷன் தொழிலை யார் கற்கலாம்?

தமிழ்நாட்டில் கைத்தொழில் கல்வி பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் அது சாதியைப் பற்றிய விவாதமாகவும் ஆகிவிடுகிறது. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் ‘குலக்கல்வித் திட்டம்’ என்ற பெயரிலேயே மக்கள் நினைவில் நிலைத்தது. எழுபது ஆண்டுகளுக்குப் பின் 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டமும் அதே கேள்வியைச் சந்தித்தது. ஒரு தொழிலைக் கற்பவர் அதை விரும்பித் தேர்கிறாரா, பிறப்பின் பெயரால் அதனிடம் ஒப்படைக்கப்படுகிறாரா என்பதே அக்கேள்வி.

இக்கட்டுரையில் அக்கேள்வியை ஒரு குறிப்பிட்ட தொழிலின் வழியாக ஆராய முற்படுகிறோம். சோபா, நாற்காலி முதலியவற்றுக்கு மெத்தை அமைத்து உறை தைக்கும் தொழில் அது. நம் ஊர்க் கடைத்தெருக்களில் இதற்குக் ‘குஷன் வேலை’ என்று பெயர். இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. நம் சாதியடுக்கில் இத்தொழிலுக்கெனப் பெயர்பெற்ற தனிச்சாதி எதுவும் இல்லை. ஆனால் இதற்குத் தேவையான பொருள் ஒவ்வொன்றின் மீதும் ஒரு சாதியின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

உறைக்குள் இருக்கும் அறிவு

இன்று விற்பனையாகும் சோபாக்களில் பெரும்பாலானவை ஃபோம் வைத்து, ஸ்டேப்ளர் துப்பாக்கியால் துணியை அடித்து முடிக்கப்படுபவை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாலியூரித்தேன் ஃபோம் பரவுவதற்கு முன்னர் ஓர் இருக்கை கட்டப்பட்ட முறை வேறு. அந்த மரபுவழி முறையைக் கற்க விரும்பும் ஒருவர் எவற்றைக் கற்க வேண்டும் என்பதை முதலில் பார்ப்போம்.

முதற்பாடம் பிரித்தல். பழைய இருக்கையின் உறையைக் கிழித்தெறியக் கூடாது. எந்த அடுக்கு எதன்மேல் அமைந்தது என்பதைக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கழற்றிய துணியே புதிய துணியை வெட்டுவதற்கான அளவு. சிறு ஆணிகளைப் பிடுங்கும்போது கருவியை மரத்தின் இழையோட்டத்திலேயே செலுத்த வேண்டும். குறுக்கே நெம்பினால் சட்டம் பிளந்துவிடும்.

இரண்டாவது பாடம் அடித்தளம். சட்டத்தின் குறுக்கும் நெடுக்குமாக, நாடாக் கட்டிலைப் போலவே, கெட்டியான பட்டை நாடாக்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறியிறங்குமாறு பின்ன வேண்டும். கையால் மட்டும் இழுத்தால் போதிய இறுக்கம் வராது. அதற்கென உள்ள மரக் கருவியில் நாடாவை மாட்டிச் சட்டத்தின்மீது நெம்பி இழுத்து ஆணியடிக்க வேண்டும். ஆணிகள் ஒரே நேர்க்கோட்டில் அமையாமல் முன்பின்னாக இருக்க வேண்டும். இல்லையேல் எல்லா விசையும் ஒரே இழையில் விழுந்து மரம் வெடிக்கும். சரியாக இழுக்கப்பட்ட நாடாவை விரலால் தட்டினால், தீயில் காய்ச்சிய பறையைப் போல் அது ஒலிக்கும். இருக்கையின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்த இறுக்கமே.

மூன்றாவது பாடம் ஸ்பிரிங். சுருள் ஸ்பிரிங்குகளை நாடாக்களின்மேல் நிறுத்தித் தைத்து, அவற்றின் தலைகளைக் கெட்டிக் கயிற்றால் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் மூலைவாட்டிலும் கட்டுவார்கள். ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் எட்டுத் திசையில் கயிறு பிடித்து நிற்கும். ஒருவர் அமரும்போது அவருடைய எடை ஒரே ஸ்பிரிங்கின்மீது இறங்காமல் அனைத்திற்கும் பகிரப்படுவது இதனாலேயே. கயிறு தளர்ந்தால் ஸ்பிரிங் சாயும். அளவுக்கு மீறி இறுகினால் ஸ்பிரிங் இருந்தும் பயனில்லை.

நான்காவது பாடம் நிரப்புதல். ஸ்பிரிங்குகளின்மேல் சாக்குத் துணியை விரித்து அவற்றோடு சேர்த்துத் தைத்தபின், அத்துணியில் தளர்வான நூல் வளையங்கள் இடப்படும். சிக்கெடுத்துப் பிரித்த தேங்காய் நாரையோ சுருளேற்றிய குதிரை மயிரையோ அவ்வளையங்களுக்குள் கொஞ்சங்கொஞ்சமாகச் செருக வேண்டும். நிரப்பிய பொருள் நாளடைவில் ஒருபக்கமாக ஒதுங்கிவிடாமல் தடுப்பவை அவ்வளையங்களே.

ஐந்தாவது பாடம்தான் கற்பவரின் பொறுமையைச் சோதிப்பது. இருக்கையின் விளிம்பைத் தைத்து எழுப்புவது அது. நிரப்பியதன்மேல் இழை விலகிய ஒரு துணியைப் போர்த்தி, இருமுனையும் கூரான நீண்ட ஊசியால் பக்கவாட்டில் குத்தி, வெளியே தெரியாத தையல்களால் நாரை விளிம்பை நோக்கி இழுக்க வேண்டும். பின்னர் மேலே இன்னொரு வரிசைத் தையல். முடிவில் மரமோ கம்பியோ இல்லாமல், நூலும் நாரும் மட்டுமே சேர்ந்து உறுதியான விளிம்பு உருவாகிறது. அதன் நடுவே உள்ள பள்ளத்தில் இரண்டாம் அடுக்கு நிரப்பி, காடாத் துணியால் மூடி, பஞ்சு விரித்து, கடைசியாக மேலுறையை இழுத்து முடிக்கிறார்கள்.

மேலுறையை வெட்டுவது ஒரு கணக்கு. வெல்வெட் போன்ற துணியில் மயிர்க்கால் எந்தப் பக்கம் படிகிறது, பூவேலையின் நடுப்பகுதி இருக்கையின் நடுவில் விழுகிறதா, கால்கள் சட்டத்தில் சேரும் மூலையில் எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்பதையெல்லாம் கத்தரிக்கோலை எடுக்கும் முன்னரே தீர்மானிக்க வேண்டும். பட்டன் பதித்துச் சாய்சதுரக் குழிகள் அமைக்கும் வேலையில், ஒவ்வொரு குழியின் ஆழத்துக்கும் ஏற்பக் கூடுதல் துணி கணக்கிடப்பட வேண்டும். கணக்குத் தவறினால் தைத்தபின் திருத்த வழியில்லை.

இவ்வளவையும் விரித்துரைக்கக் காரணம் உண்டு. ‘கைவேலை’ என்ற சொல்லை நம் சமூகம் ‘மூளை வேண்டாத வேலை’ என்ற பொருளில் பயன்படுத்தப் பழகியிருக்கிறது. விசைப் பகிர்வு, இழையோட்டம், பரப்பளவுக் கணக்கு என இங்கே நாம் கண்டவை பொறியியல் வகுப்பறையில் சொல்லப்பட்டால் அறிவு எனப்படுகின்றன. கடைத்தெருவில் செய்யப்பட்டால் கூலிவேலை எனப்படுகின்றன. செய்யப்படுவது ஒன்றே. செய்பவரின் இடமே வேறு.

ஒரு நாற்காலி, பல சாதிகள்

சாதி ஒழுங்கின் கணக்குப்படி பார்த்தால், ஒரு தோல் உறை நாற்காலியை ஒருவரே செய்து முடிக்க முடியாது. சட்டம் தச்சருக்கு உரியது. ஸ்பிரிங்கும் ஆணியும் கொல்லருக்கு உரியவை. பஞ்சு அடிப்பது பிஞ்சாரி, தூதேகுலா எனப்பட்ட சமூகங்களின் வேலையாக விதிக்கப்பட்டது. தோலோ, தெற்கே அருந்ததியர் மீதும் வடக்கே சமார் மக்கள் மீதும் இழிவோடு சேர்த்துச் சுமத்தப்பட்டது.

தோலின் கதை தனியே நோக்கத்தக்கது. ஆவாரம் பட்டையில் ஊறவைத்துக் கடுக்காய் சேர்த்துப் பதப்படுத்தப்பட்ட தோல், ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் சென்னை மாகாணத்திலிருந்து கடல் கடந்து சென்றது. பதனிட்ட தோல் ஏற்றுமதிப் பொருளானதும் அதில் முதலீடு செய்யவும் இலாபம் ஈட்டவும் பிற சமூகத்தார் முன்வந்தனர். தோலை உரித்த கையும் சுண்ணாம்புக் குழியில் நின்ற காலும் மட்டும் பெரும்பாலும் மாறவில்லை. பொருள் உயர்ந்தது, தீட்டு உழைப்பவரிடமே தங்கியது. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனா பகுதியில், இறந்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டதை நாடு பார்த்தது. விதிக்கப்பட்ட தொழிலைச் செய்ததற்கே அடி விழுந்தது. அதற்கு விடையாக அம்மாநிலத் தலித் மக்கள் செத்த மாடுகளை இனி அகற்ற மாட்டோம் என்று அறிவித்தனர்.

குஷன் கடையில் இந்தப் பிரிவினை நடைமுறையில் உடைகிறது. அங்கே வேலை கற்கும் ஒருவர் மரத்தையும் இரும்பையும் நாரையும் பஞ்சையும் தோலையும் நூலையும் ஒரே நாளில் கையாள்கிறார். ‘இது என் சாதியின் பொருள், அது உன் சாதியின் பொருள்’ என்ற எல்லையை வைத்துக்கொண்டு ஒரு சோபாவை முடிக்க இயலாது. 1936இல் வெளியான ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர், சாதியை வெறும் வேலைப் பகிர்வாகக் காட்டி நியாயப்படுத்துவோரை மறுத்து, அது உழைப்பவர்களையே மேல்கீழாகப் பிரித்து வைக்கிறது என்று நிறுவினார். ஒருவர் தமக்குரியதல்லாத தொழிலுக்கு மாற முடியாமல் தடுக்கப்படுவது வேலையின்மைக்கும் காரணமாகிறது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். தொழில் மாறும் உரிமை பொருளாதார உரிமையும் ஆகும். அரசமைப்பின் 19(1)(ஜி) பிரிவு எந்தத் தொழிலையும் மேற்கொள்ளும் உரிமையைக் குடிமக்கள் அனைவருக்கும் உறுதிசெய்கிறது.

‘பாரம்பரியம்’ என்ற சொல்லின் இரு பொருள்கள்

‘பாரம்பரியத் தொழில்நுட்பம்’ என்று சொல்லும்போது இரண்டு வெவ்வேறு பொருள்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. முதலாவது, ஒரு வேலையைச் செய்யும் முறை தலைமுறைகளாகச் சேர்ந்து செழித்தது என்பது. இரண்டாவது, அந்த வேலை ஒரு குடும்பத்தின் பிறப்போடு கட்டப்பட்டது என்பது. முதற்பொருளில் பாரம்பரியம் மனிதகுலத்தின் பொதுச்சொத்து. இரண்டாம் பொருளில் அது சாதி.

1953ஆம் ஆண்டுத் திட்டம் இந்தக் குழப்பத்தின் மீதே கட்டப்பட்டது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாடநேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்பர் என்று சொல்லப்பட்டது. நிலமற்ற கூலியின் பிள்ளை எதைக் கற்கும் என்ற கேள்விக்கு அத்திட்டத்தில் நேர்மையான விடை இல்லை. பெரியாரின் தலைமையிலும் பல்வேறு இயக்கங்களின் முன்னெடுப்பிலும் எதிர்ப்பு வலுத்தது. 1954இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பி.எம். விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிடுகிறது. தச்சு, காலணி செய்தல், தையல், நார் நெய்தல் ஆகியவை அதில் உள்ளன. அவை அனைத்தையும் ஒன்றிணைக்கும் குஷன் தொழில் தனிப்பெயரோடு இடம்பெறவில்லை. ஐந்து முதல் ஏழு நாள் அடிப்படைப் பயிற்சி, பயிற்சி நாளுக்கு 500 ரூபாய், கருவிகளுக்கு 15,000 ரூபாய், முதலில் ஒரு இலட்சமும் பின்னர் இரண்டு இலட்சமும் 5 விழுக்காடு வட்டியில் கடன் என்பன அதன் பயன்கள். இவற்றை யாரும் பழிக்கவில்லை. ‘குடும்பவழித் தொழில்’ என்பதைத் தகுதிக்குள் வைத்ததும், குரு–சீட மரபை வலுப்படுத்துவதைக் குறிக்கோளாக அறிவித்ததுமே எதிர்ப்புக்கு உள்ளாயின. திட்டம் எந்தச் சாதியையும் பெயர்சொல்லிக் கட்டுப்படுத்தவில்லை, விரும்பியோர் சேரலாம் என்று ஆதரிப்போர் வாதிடுகின்றனர். ஆனால் குடும்பத் தொழில் என்பது இந்நாட்டில் சாதியின் மறுபெயராகவே இயங்கி வந்திருக்கிறது. பெயரைச் சொல்லாமல் விட்டதால் பொருள் மாறிவிடாது. மேலும் வயது வரம்பு 18 என்றிருப்பது கல்லூரிக்குள் நுழைய வேண்டிய வயதில் தந்தையின் தொழிலை நோக்கித் திருப்பும் கைகாட்டியாகிவிடும் என்ற அச்சமும் எழுந்தது.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு அத்திட்டத்தை அதன் அப்போதைய வடிவில் ஏற்க மறுத்தது. மாற்றாக அறிவிக்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டம் 25 தொழில்களை உள்ளடக்கி, 35 வயது நிறைந்தோருக்கு மூன்று இலட்சம் ரூபாய் வரை கடனும் 25 விழுக்காடு மானியமும் வழங்குகிறது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனை அதில் இல்லை. நிபந்தனையை நீக்கியது முதற்படி. ஆனால் 35 வயதுக்கு முன் ஒருவர் எங்கே, யாரிடம், என்ன கூலிக்கு வேலை கற்பார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

கடலுக்கு அப்பால் ஒரு பாடம்

‘கைத்தொழில் கற்றால் விடுதலை தானே வரும்’ என்ற வாதத்தை அமெரிக்கக் கறுப்பின மக்களும் எதிர்கொண்டனர். 1881இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கிகியில் புக்கர் டி. வாஷிங்டன் தலைமையில் தொடங்கிய நிறுவனம் தொழிற்கல்வியை மையமாகக் கொண்டது. கட்டடம் எழுப்புவது முதல் தாங்கள் படுக்கும் மெத்தையைத் தைப்பது வரை மாணவர்களே செய்தனர். தொடக்கத்தில் அம்மெத்தைகளுக்குள் பைன் மர ஊசியிலைகளே நிரப்பப்பட்டன. கைத்திறனால் வெள்ளையரின் மதிப்பைப் பெற்றபின் உரிமைகள் படிப்படியாக வரும் என்பது வாஷிங்டனின் நம்பிக்கை.

டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் 1903இல் இதைக் கடுமையாக மறுத்தார். வாக்குரிமையையும் உயர்கல்வியையும் விட்டுக்கொடுத்துப் பெறும் தொழிற்கல்வி ஒரு மக்களைக் கீழ்நிலையிலேயே நிறுத்தும் என்பது அவர் வாதம். இந்த டுபாய்சுக்குத்தான் 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா. மன்றத்துக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டார்.

அதற்கும் முந்தைய ஒரு வாழ்க்கை டுபாய்சின் பக்கமே சான்று சொல்கிறது. வடகரோலினாவின் மில்ட்டன் நகரில் வாழ்ந்த தாமஸ் டே, அடிமையாகப் பிறக்காத கறுப்பினத்தவர், மரத்தளவாடக் கலைஞர். 1850 வாக்கில் அம்மாநிலத்தின் மிகப் பெரிய தளவாடப் பட்டறைகளுள் ஒன்று அவருடையது. செல்வந்தரான வெள்ளையர்கள் அவருடைய வாடிக்கையாளர்கள். எனினும், பிற மாநிலத்துச் சுதந்திரக் கறுப்பினத்தவர் உள்ளே குடியேறக் கூடாது என்ற சட்டம் அவருடைய மனைவியைத் தடுத்தது. மனைவியோடு சேர்ந்து வாழ, 1830இல் மாநிலச் சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அவர் செய்த இருக்கைகளுக்கு எல்லா வீடுகளின் கதவும் திறந்தது. அவருடைய குடும்ப வாழ்வுக்கு மட்டும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

நம் நிலைமை இதனின்று தொலைவில் இல்லை. 2020 அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண், கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்கத் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளிவந்தது, வழக்கும் பதிவானது. நாற்காலி செய்யும் திறனும் நாற்காலியில் அமரும் உரிமையும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. திறன் பயிற்சி உரிமைப் போராட்டத்துக்குத் துணை நிற்கலாம். அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ள விடக் கூடாது.

கற்றல் எப்படி இருக்க வேண்டும்?

மேலே சொன்ன ஐந்து பாடங்களையும் ஏழு நாளில் கற்க முடியாது என்பது எளிதில் விளங்கும். நாடாவின் இறுக்கத்தைக் காது அறியவும் நாரின் அடர்த்தியை விரல் அறியவும் மாதங்கள் வேண்டும். இன்று அந்தக் கற்றல் பெரும்பாலும் சிறு கடைகளில்தான் நிகழ்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லை, நிலையான உதவித்தொகை இல்லை, முடிவில் சான்றிதழும் இல்லை. பத்தாண்டு வேலை தெரிந்தவரும் வங்கியின் முன் ‘திறனற்ற தொழிலாளி’யாகவே நிற்க நேர்கிறது.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் உதவித்தொகையையும் ஒப்பந்தத்தையும் கட்டாயமாக்குகிறது. அதன் 3ஏ பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களுக்கே பழகுநர்களை எடுப்பது கட்டாயம். நான்கு முதல் 29 பேர் உள்ளவற்றுக்கு அது விருப்பம். அதற்கும் சிறிய கடை சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை. இத்தொழில் கற்கப்படும் இடமோ அந்தச் சிறிய கடைதான்.

ஆகவே நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. எந்தக் கைவினைத் திட்டத்திலும் குடும்பத் தொழில் என்ற நிபந்தனை கூடாது. பயிற்சிக் காலம் வேலையின் தன்மைக்கேற்ப நீள வேண்டும். அக்காலம் முழுவதும் உதவித்தொகை வேண்டும். கடையில் கற்றவரின் திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் முன்கற்றல் அங்கீகாரம் சிறு நகரங்களுக்கும் வர வேண்டும். அனுபவமிக்க தொழிலாளர்களே ஊதியம் பெறும் பயிற்றுநர்களாக அமர்த்தப்பட வேண்டும். ஃபோம் வெட்டும் தூசுக்கும் பசையின் ஆவிக்கும் எதிரான பாதுகாப்பு, பாடத்தின் பகுதியாக வேண்டும். தொழில் தொடங்க விரும்பும் தலித் இளைஞர்களிடம், 35 விழுக்காடு முதலீட்டு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கொண்டுசேர்க்க வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் இதில் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், உங்கள் மாவட்டத்தில் கடந்த ஐந்தாண்டுகளில் எத்தனை பழகுநர் இடங்கள் 3ஏ பிரிவின்படி ஒதுக்கப்பட்டன, அவற்றுள் எத்தனை நிரப்பப்பட்டன, எந்தெந்தத் தொழில்களில் என்று கேளுங்கள். தலித் இளைஞர்கள் காலணிப் பிரிவில் மட்டும் குவிக்கப்பட்டிருக்கிறார்களா, தச்சிலும் உள்ளலங்காரத்திலும் இடம் பெற்றிருக்கிறார்களா என்பதைப் பெறும் விடைகளோடு ஒப்பிடுங்கள். அந்த எண்கள் இல்லாமல் நம் வாதம் முழுமை பெறாது.

மரபுவழி நுட்பங்கள் அழியக் கூடாது என்போருடன் நமக்குப் பகையில்லை. நன்றாகத் தைக்கப்பட்ட விளிம்பும் எட்டுத் திசையில் கட்டிய ஸ்பிரிங்கும் காக்கப்பட வேண்டிய அறிவுதான். பிரித்து உதறி மீண்டும் நிரப்பக்கூடிய நார், குப்பையாகும் ஃபோமைவிட மண்ணுக்கும் நல்லது. அந்த அறிவைக் காப்பாற்றும் பொறுப்பைச் சில சாதிகளின் பிள்ளைகள் தலையில் மட்டும் கட்டுவதையே மறுக்கிறோம். பேராசிரியரின் மகள் விளிம்பு தைக்கக் கற்கட்டும். தோல் தைப்பவரின் மகள் விரும்பினால் அதைக் கற்கட்டும், விரும்பாவிட்டால் சட்டம் படிக்கட்டும். இருவருக்கும் அத்தெரிவு சமமாக வாய்க்கும் நாளில்தான் பாரம்பரியம் என்ற சொல்லைத் தயக்கமின்றி நாம் பயன்படுத்த முடியும்.